கூட்டுக்குள் புழு கூழாகிவிடுகிறதா?

கேள்வி இது: “பட்டாம்பூச்சிப் புழு கூட்டுப்புழு ஆனதும் உள்ளே முழுக்கக் கரைந்து கூழாகி, அந்தக் கூழிலிருந்து புதிதாக ஒரு பூச்சி உருவாகிறது என்று ஒரு காணொளியில் பார்த்தோம். ஆறாவது படிக்கும் என் மகள், ‘அப்படின்னா புழு செத்துப்போச்சாப்பா?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது?”

சாகவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். கூழாகவும் இல்லை. அதற்காகக் காணொளி எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டுப்புழுவை உடைத்துப் பார்த்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது.

எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் அப்பா பட்டுப்புழு வளர்த்தார். ஒருமுறை, புழு கூடு கட்டி முடித்த மூன்றாம் நாளே, அங்காடிக்கு வண்டி போகிறது என்று அவசரப்பட்டு, புழுக்களைக் கூடு கட்ட ஏற்றிவிடும் மூங்கில் தட்டான சந்திரிகையிலிருந்து கூடுகளைப் பறித்து மூட்டை கட்டிவிட்டோம். போய்ச் சேர்வதற்குள் பாதிக் கூடுகளில் பழுப்புக் கறை. விலை படுத்துவிட்டது. திரும்பி வந்து அப்பா ஒரு கூட்டைப் பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக, மோரில் எண்ணெய் சிந்தியது போல ஒன்று ஒழுகியது. “கரையிற நேரத்துல தொட்டுட்டோம்” என்றார். கல்லூரியில் விலங்கியல் எடுக்கும்வரை நான் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

நடந்தது வேறு. பட்டுப்புழு கூட்டைக் கட்டி முடித்ததும் உடனே மாறிவிடாது. இரண்டு நாள் போல உள்ளேயே சுருங்கிக் கிடக்கும். அப்புறம்தான் புழுத்தோலை உரித்துக் கூட்டுப்புழு ஆகும். உரித்த கையோடு அதன் மேல்தோல் பாலாடை மாதிரி இருக்கும். நிறமும் வெளிறிய மஞ்சள். பழுப்பேறிக் கெட்டிப்படக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதற்குள் மூட்டையில் போட்டுக் குலுக்கினால் தோல் கிழிந்து, உள்ளே இருக்கும் இரத்தமெல்லாம் வெளியே வந்துவிடும். சந்திரிகையில் ஏற்றிய பிறகு ஆறேழு நாள் பொறுத்துக் கூட்டைப் பறிக்கச் சொல்வது இதனால்தான்.

ஆமாம், இரத்தம்தான். நம் உடம்பில் இரத்தம் குழாய்க்குள் ஓடுகிறது. ஊசி குத்தினால் ஒரு சொட்டு வரும். பூச்சி, நண்டு, இறால், சிலந்தி, தேள், பூரான் என்று கணுக்காலிகள் என்ற பெரிய கூட்டத்தில் அடங்கும் எதற்கும் அந்த ஏற்பாடு கிடையாது. பட்டுப்புழுவின் முதுகுத் தோலுக்கு அடியில் நீளமாக ஒரு குழல் துடித்துக்கொண்டிருக்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். அதுதான் இதயம். அது தள்ளிவிடும் திரவம் உடம்பின் உட்குழி முழுக்கப் பரவி, குடல், தசை, நரம்பு எல்லாம் அதில் நனைந்தபடியே இருக்கும். ஆகவே எந்தப் பூச்சியை நசுக்கினாலும் வருவது கூழ்தான். கரப்பானை மிதித்தவர்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து, கரப்பான் உருமாறிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்வதில்லை!

ஆனால் கூட்டுப்புழுவுக்குள் ஒன்றுமே கரைவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. என்ன கரைகிறது, என்ன தங்குகிறது, என்ன முன்பே தயாராகிக் காத்திருந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அதற்கு முதலில் இந்த உடம்பு எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. கணுக்காலிக்குத் தலைகீழ். வெளியே ஓடு, அதன் உட்புறத்தில் தசைகள் ஒட்டிக்கொண்டு இழுக்கும். ஓட்டின் அடிப்படை கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலி. மரத்தில் இருக்கும் செல்லுலோசுக்கு நெருங்கிய உறவு. அதோடு புரதம் பின்னிக்கொள்கிறது. நண்டும் இறாலும் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்துக் கெட்டியாக்கும். பூச்சிகள் பெரும்பாலும் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, தோல் பதனிடுவது போலப் பதனிட்டுக் கெட்டியாக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. அது இல்லாவிட்டால் வெயிலில் ஒரு எறும்பும் நடமாட முடியாது, உடம்பு வற்றிப்போகும்.

இந்த ஓடு வெளியே மட்டும் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். வாயிலிருந்து குடலின் முன்பகுதிவரை அது உள்ளே மடிந்து போகிறது. ஆசனவாய்ப் பக்கமிருந்தும் அப்படியே. பட்டுப்புழுவின் இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பதாகக் கருப்புப் பொட்டு வைத்தது போல மூச்சுத் துளைகள் இருக்கும். அவற்றிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து உடம்பின் மூலைமுடுக்கெல்லாம் காற்றைக் கொண்டுபோகும் மூச்சுக்குழல்களுக்கும் உள்பூச்சு இதே பொருள்தான். பூச்சிக்கு உள்ளுறுப்பு என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது என்று ஐரோப்பாவில் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பொலோன்யாவைச் சேர்ந்த மார்ச்செல்லோ மால்பிகி என்ற மருத்துவர் பட்டுப்புழுவை அறுத்து, இதயம், மூச்சுக்குழல், பட்டுச் சுரப்பி என்று ஒவ்வொன்றாக வரைந்து காட்டினார். லண்டன் ராயல் சொசைட்டி அதை 1669-இல் நூலாக அச்சிட்டது. பள்ளியில் ‘மால்பிஜியன் குழல்கள்’ என்று மனப்பாடம் செய்தோமே, பூச்சியின் சிறுநீரகம் மாதிரியான உறுப்பு, அது அவர் பெயர்தான்.

சரி, ஓடு கெட்டியானால் வளர்வது எப்படி? பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி உரிக்க வேண்டியதுதான். பாம்புக்கு அது மேல்தோல் சமாச்சாரம். கணுக்காலிக்கு அது எலும்புக்கூட்டையே கழற்றிப் போடுவது. பொரிந்து வரும்போது அரை மில்லிகிராம்கூட எடையில்லாத பட்டுப்புழு, 25 நாள் சுமாரில் நாலைந்து கிராம் ஆகிறது. பத்தாயிரம் மடங்கு! இடையில் நான்கு தோலுரிப்பு.

அதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சரசரவென்று மழை பெய்கிற சத்தத்தோடு இலை தின்றுகொண்டிருந்த தட்டு திடீரென்று அடங்கிவிடும். புழுக்கள் பின்கால்களைத் தட்டில் பட்டு இழையால் ஒட்டவைத்துக்கொண்டு, தலையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும். உடம்பு பளபளவென்று இழுத்துக் கட்டியது போல இருக்கும். தலைக்குப் பின்னால், கழுத்து என்று சொல்லக்கூடிய இடத்தில், சின்னதாக ஒரு முக்கோணம் கருத்துத் தெரியும். அது உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் அடுத்த தலை. பழைய தலை முன்னால் முகமூடி மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் தட்டில் சுண்ணாம்புத் தூளைத் தூவி ஈரமில்லாமல் வைப்போம். இலை போடக் கூடாது, தொடக் கூடாது. வெளியில் தூங்குவது போல இருந்தாலும் உள்ளே பெரிய வேலை நடக்கிறது. தோலுக்கு அடியில் உள்ள செல் அடுக்கு பழைய ஓட்டிலிருந்து பிரிகிறது. இடையில் ஒரு திரவம் சுரந்து, பழைய ஓட்டின் உட்பகுதியைக் கரைக்கிறது. கரைந்த சத்தை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, வீணடிப்பதில்லை. அதே நேரத்தில் புது ஓடு, அளவில் பெரிதாக, சுருக்கம் சுருக்கமாக மடிந்து அடியில் தயாராகிறது. ஒரு நாள் போல ஆனதும் கழுத்தருகே தோல் வெடிக்கும். தலைமூடி தனியாகக் கழன்று விழும். புழு முன்னோக்கி நெளிந்து நெளிந்து வெளியே வரும். வரும்போது மூச்சுத் துளைகளின் ஓரத்தைக் கவனித்தால், உள்ளேயிருந்து மெல்லிய இழைகள் உருவப்படுவது தெரியும். அவை மூச்சுக்குழல்களின் பழைய உள்பூச்சு. குடலின் உள்பூச்சும் கூடவே போகிறது. மரத்தில் ஒட்டிக்கிடக்கும் சிள்வண்டுச் சட்டையின் முதுகுப் பிளவுக்குள் பார்த்தாலும் இதே வெள்ளை நூல்கள் தொங்கும்.

புதுத் தோல் விரிந்து கெட்டிப்படும்வரை எந்தக் கணுக்காலிக்கும் கண்டம்தான். தோலுரித்த நண்டைத் தூக்கிப் பார்த்தால் ஓடு காகிதம் போல அமுங்கும். உள்ளே சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம், உடம்பைப் பெரிதாக்கத் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொண்டிருக்கும். வளைக்குள் ஒளிந்துகொள்ளாவிட்டால் அது அன்றைக்கு எவருக்காவது சாப்பாடு.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கிறது என்றுதான் வளர்ப்பவர்கள் கணக்கு வைப்போம். உண்மையான கணக்கு ஆறு. ஐந்தாவது முறை உரிக்கும்போது உள்ளே இருப்பது கூட்டுப்புழு. ஆறாவது முறை உரிக்கும்போது உள்ளே இருப்பது அந்துப்பூச்சி. உருமாற்றம் என்று தனியாக ஒரு மாயம் கிடையாது. கடைசி இரண்டு தோலுரிப்புக்கு வைத்த பெயர் அது. முந்தைய நான்கு முறையும் அடியில் தயாரான புதுத்தோல் புழுவின் வடிவில் இருந்தது. இந்த இரண்டு முறையும் வேறு வடிவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால், ‘இந்த முறை என்ன வடிவம்’ என்று யார் முடிவு செய்வது?

இந்தக் கதையைப் போலந்து நாட்டு ஸ்டெஃபான் கொபெச்சிடமிருந்து தொடங்க வேண்டும். 1917-ஐ ஒட்டிய வருடங்களில் அவர் கம்பளிப்பூச்சிகளின் உடம்பை நூலால் இறுக்கிக் கட்டிப் பார்த்தார். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தைப் பருவம் என்பார்கள். புழுவின் கடைசிப் பருவத்தில் ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் கட்டினால், தலைப் பக்கம் மட்டும் கூட்டுப்புழு ஆனது. பின்பாதி புழுவாகவே நின்றது. அந்த நாளுக்குப் பின் கட்டினால் இரண்டு பாதியும் மாறின. மூளையை எடுத்துவிட்டாலும் இதே கதை. அதாவது மூளையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து போய் ‘உரி’ என்று உத்தரவு கொடுக்கிறது. நரம்புத் திசு ஹார்மோன் சுரக்கும் என்று எந்த விலங்கிலும் அதற்கு முன் காட்டப்பட்டதில்லை. கொபெச்சை 1941-இல் நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள்.

மூளையின் உத்தரவு நேராகத் தோலுக்குப் போவதில்லை, நெஞ்சுப் பகுதியில் உள்ள ஒரு சுரப்பிக்குப் போகிறது என்று பட்டுப்புழுவிலேயே காட்டியவர் ஜப்பானின் ஃபுகுடா, 1940. அந்தச் சுரப்பியின் ஹார்மோனை முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மனியின் அடோல்ஃப் புட்டெனான்ட்டும் பீட்டர் கார்ல்சனும். 1954-இல் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து வடித்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. எக்டைசோன் என்று பெயர் வைத்தார்கள். (இதே புட்டெனான்ட் பிறகு பெண் அந்துப்பூச்சியின் வாசனைப் பொருளைத் தேடி ஐந்து லட்சம் பூச்சிகளை அரைத்தார். பொறுமைசாலி.)

இதற்கும் எங்கள் கொட்டகைக்கும் ஒரு தொடர்பு உண்டு. புழு பழுத்துக் கூடு கட்டத் தயாராகும் நேரத்தில் ‘சம்பூர்ணா’ என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளித்துக் கொடுப்பார்கள். எல்லாப் புழுவும் முன்பின்னாகப் பழுக்காமல் ஒரே சமயத்தில் சந்திரிகை ஏறும். ஆள் கூலி மிச்சம். அந்த மருந்தில் இருப்பது செடிகளிலிருந்து எடுத்த, எக்டைசோனின் உறவுக்காரப் பொருள். பூச்சியின் ஹார்மோன் செடியில் ஏன் இருக்கிறது? தின்ன வரும் பூச்சியின் நாட்காட்டியைக் குழப்பிவிடத்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். செடி செய்யும் சூழ்ச்சியை நாம் வேளாண்மைக்கு வளைத்துக்கொண்டோம்.

எக்டைசோன் சொல்வது ‘உரி’ என்பதை மட்டும்தான். ‘புழுவாகவே இரு’ என்று சொல்வது இன்னொன்று. இங்கிலாந்தின் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த் 1930-களில் ரோட்னியஸ் என்ற, இரத்தம் குடிக்கும் தென் அமெரிக்கப் பூச்சியை வைத்துக்கொண்டு, கேட்டால் குலை நடுங்கும் சோதனைகள் செய்தார். இந்தப் பூச்சி ஒருமுறை வயிறு நிறையக் குடித்தால் ஒருமுறை தோலுரிக்கும். தலையைக் கிள்ளிவிட்டாலும் ஒரு வருடத்துக்குமேல் உயிரோடு கிடக்கும். முதல் பருவக் குஞ்சின் தலையை எடுத்துவிட்டு, முதிரப்போகும் ஐந்தாம் பருவப் பூச்சியோடு இரத்தம் கலக்கும்படி ஒட்டிவைத்தார். குஞ்சு இடைப்பட்ட பருவங்களையெல்லாம் தாண்டி, முதிர்ந்த பூச்சியின் அடையாளங்களோடு தோலுரித்தது. மூளைக்குப் பின்னால் உள்ள குட்டிச் சுரப்பி ஒன்று, இளமையை இழுத்துப் பிடித்து வைக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது என்று 1936-இல் முடிவுக்கு வந்தார். இளம்பருவ ஹார்மோன் என்று அதைச் சொல்கிறோம். ஓரிரு வருடத்தில் பிரான்சின் பூன்யோல் அதே சுரப்பியைச் சிறு வயதுப் பட்டுப்புழுவிலிருந்து எடுத்துவிட்டார். புழு அடுத்த முறையே கூடு கட்டி, சுண்டுவிரல் நகம் அளவுப் பூச்சியாக வெளியே வந்தது.

ஆகக் கணக்கு எளிது. இளம்பருவ ஹார்மோன் நிறைய இருக்கும்போது எக்டைசோன் வந்தால் புழு புழுவாக உரியும். அது வற்றிப்போன நேரத்தில் வந்தால் கூட்டுப்புழு. அப்புறம் அது சுத்தமாக இல்லாதபோது வந்தால் பூச்சி.

ஒரு கிளைக்கதை, விட மனமில்லை. 1960-களின் நடுவில் செக் நாட்டு கரேல் ஸ்லாமா தன் சோதனைக்கான சிவப்புப் பூச்சிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். பிராகாவில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அங்கே முதிரவே மறுத்தன. ஐந்தாம் பருவத்துக்குப் பிறகு பூச்சி ஆகாமல், இன்னும் பெரிய ஆறாம் பருவக் குஞ்சாக உரிந்தன. தண்ணீர், தீனி, வெளிச்சம் எல்லாம் சோதித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் குற்றவாளி, பெட்டியில் விரித்திருந்த காகிதத் துண்டு. நியூயார்க் டைம்ஸ் தாளை விரித்தாலும் பூச்சி முதிரவில்லை; லண்டன் டைம்ஸை விரித்தால் ஒரு தொல்லையும் இல்லை! அமெரிக்கக் காகிதக் கூழுக்குப் பயன்பட்ட பால்சம் ஃபிர் மரத்தில் இளம்பருவ ஹார்மோனைப் போல வேலை செய்யும் பொருள் இருந்தது. இன்று கொசு ஒழிப்புக்குத் தண்ணீரில் கலக்கும் மெத்தோப்ரீன் இந்த வழியில் வந்த மருந்துதான். கொசுப் புழுவை அது உடனே கொல்லாது. பெரியதாகி வெளியே பறக்க விடாது.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். கூட்டுப்புழுவுக்குள் என்ன இருக்கிறது?

முன்பே காத்திருந்தவற்றைச் சொல்கிறேன். சிறகு கூட்டுப்புழுவில் புதிதாக முளைப்பதில்லை. புழுவின் நெஞ்சுப் பகுதியில் இரண்டாவது, மூன்றாவது கண்டங்களில் (உடம்பின் வளையங்களில்), தோலுக்கு உட்புறம் நான்கு குட்டிப் பைகளாக அது ஏற்கெனவே இருக்கிறது. புழுவின் கடைசி நாட்களில் அது வேகமாக வளர்கிறது. பழ ஈயில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். இப்படிக் காத்திருக்கும் பையை அங்கே தட்டு என்பார்கள். முட்டையிலிருந்து வந்த புழுவில் சிறகுக்கான தட்டில் சில பத்துச் செல்கள். புழுப் பருவம் முடியும்போது சுமார் 50,000. ஆண், பெண் உறுப்புகளுக்கும் இதே கதை. ஐந்தாம் பருவப் பட்டுப்புழுவைத் திருப்பி வாலடியைப் பார்த்து, நான்கு பால்நிறப் புள்ளிகள் இருந்தால் பெண் என்று முட்டை உற்பத்தி செய்பவர்கள் பிரித்துவிடுவார்கள். நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம் 1668-இல், தன்னைப் பார்க்க வந்த இத்தாலிய இளவரசர் கோசிமோ மெடிச்சியின் கண்முன்னே, முதிர்ந்த கம்பளிப்பூச்சியின் தோலை உரித்து, உள்ளே மடிந்திருந்த சிறகுகளை விரித்துக் காட்டினார். கூட்டுப்புழு என்பது இரண்டாவது முட்டை, புழு செத்துப் புது உயிர் அதில் பிறக்கிறது என்று இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வியே நம்பிய காலம் அது. உங்கள் மகள் கேட்டது பழைய பெரிய மனிதர்கள் கேட்ட கேள்விதான்.

தங்குபவை: முதுகில் ஓடும் இதயம் அப்படியே துடித்துக்கொண்டிருக்கிறது. மால்பிஜியன் குழல்கள் இருக்கின்றன. நரம்பு மண்டலம் இருக்கிறது. ஆனால் உள்ளுக்குள் நிறைய மாற்றிக் கட்டப்படுகிறது. பழைய கண்டங்களின் நரம்பு முடிச்சுகள் சில ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். புழுவின் தசையை இயக்கிய நரம்பு செல்களில் பல, கிளைகளைச் சுருக்கிக்கொண்டு மறுபடி வேறு தசைக்குக் கிளைவிடும். புழுவுக்குப் பதினாறு கால் என்று உங்கள் மகள் எண்ணியிருப்பாள். முன்னால் உள்ள மூன்று ஜோடிதான் உண்மையான கால். அந்த இடத்திலேயே பூச்சியின் ஆறு கால்களும் வருகின்றன. வயிற்றுப் பக்கத்துச் சதைக் கால்கள் ஐந்து ஜோடியும் மறைந்துவிடும்.

கரைபவை: புழுவின் உடம்புத் தசைகளில் பெரும்பாலானவை. குடலின் உள்தோல் முழுக்கக் கழன்று புதிதாகிறது. இலை தின்ற குடலுக்கு இனி வேலை இல்லை. பட்டு அந்துப்பூச்சி எதையும் உண்ணாது. முதிர்ந்த புழுவின் எடையில் கால் பங்குக்குமேல் பிடித்துக்கொண்டிருந்த பட்டுச் சுரப்பி, கூடு கட்டிய ஓரிரு நாளில் தானே தன்னை அழித்துக்கொள்கிறது. புழு நாள்முழுக்கத் தின்று சேர்த்த கொழுப்புத் திசு, துணுக்குத் துணுக்காகப் பிரிந்து இரத்தத்தில் மிதக்கிறது. அப்பா கீறிக் காட்டிய கூட்டில் ஒழுகியது இதுதான். பிரிந்த கொழுப்பும் இரத்தமும். கட்டடம் எழும்போது தரையில் கொட்டிக் கிடக்கும் மணலையும் ஜல்லியையும் பார்த்துவிட்டு வீடே இடிந்துபோனது என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

எல்லாப் பூச்சியிலும் ஒரே அளவில் கரைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈ வகைகளில் புழுவுக்குக் காலே கிடையாது, தலையும் சரியாகக் கிடையாது. அங்கே பழைய தோலின் செல்கள் பெரும்பாலும் அழிந்து, காத்திருந்த தட்டுகளிலிருந்து மொத்தமாகப் புதிது வருகிறது. ‘கூழ்’ என்ற வருணனை ஈயைப் பற்றியது என்றால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். பட்டாம்பூச்சிக்கு அது பொருந்தாது. உயிருள்ள கூட்டுப்புழுவை உடைக்காமலே நுண் ஸ்கேன் எடுத்து, நாள்தோறும் உள்ளே நடப்பதைப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. முதல் நாளிலேயே மூச்சுக்குழல்கள் தெளிவாகத் தெரிந்தன. கூழாக இருந்திருந்தால் குழாய் ஏது?

செத்துப்போச்சா என்ற பகுதிக்கு இன்னும் நேரடியான ஒரு பதில் இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவில், புகையிலைக் கம்பளிப்பூச்சிகளுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே சிறிய மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். சில தடவையில் அவை அந்த வாசனையைக் கண்டாலே விலகக் கற்றுக்கொண்டன. பிறகு அவை கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாக வெளியே வந்தன. கடைசிப் பருவத்தில் பாடம் படித்தவை, பூச்சியான பிறகும் அந்த வாசனையிலிருந்து விலகின. மூன்றாம் பருவத்திலேயே படித்தவை மறந்துவிட்டன. மூளையில் நினைவுக்கான பகுதியில், கடைசிப் பருவத்தில் உருவாகும் செல்கள் உருமாற்றத்தைத் தாண்டித் தங்குகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். புழு பட்ட சூடு பூச்சிக்கு நினைவிருக்கிறது என்றால், செத்தது யார்?

மரபணுப் பக்கமும் இதையே சொல்கிறது. பழ ஈயில் சின்மோ, பிராட், இ93 என்று மூன்று மரபணுக்களைச் சொல்வார்கள். முதலாவது இயங்கும்போது செல்கள் புழுவாக நடந்துகொள்ளும், இரண்டாவது கூட்டுப்புழுவாக, மூன்றாவது பூச்சியாக. புத்தகம் ஒன்றுதான்; அதில் எந்த அத்தியாயத்தை எப்போது திறப்பது என்பதை நான் மேலே சொன்ன இரண்டு ஹார்மோன்களும் பார்த்துக்கொள்கின்றன. வெட்டுக்கிளியும் கரப்பானும் இந்த நடு அத்தியாயம் இல்லாமலே ஒப்பேற்றிவிடுகின்றன; அவற்றின் குஞ்சு, இறக்கை மட்டும் இல்லாத முதிர்ந்த பூச்சி மாதிரியே இருக்கும். நடுவில் ஒரு கூட்டுப்புழுப் பருவம் வந்த பிறகு, புழு இலை தின்னவும் பூச்சி தேன் குடிக்கவுமாக ஒரே இனம் இரண்டு பிழைப்பு பிழைக்க முடிந்தது. பூச்சி இனங்களில் பெரும்பான்மை இந்த வழிக்காரர்களே.

மகளுக்குச் சொல்வதைவிடக் காட்டிவிடலாம். வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். பறவை எச்சம் மாதிரி அசிங்கமாக ஒரு புழு இருக்கும். நாலு தோலுரிப்பு முடிந்ததும், அது ஒரே இரவில் இலைப்பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி நாற்றமடிக்கும். கண்ணாடிக் குடுவையில் செடியின் கிளையோடு வைத்து, வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். சாய்ந்து நிற்க ஒரு குச்சி வேண்டும். பட்டுப்புழுவைப் போல இது நூற்கூடு கட்டாது. இடுப்பில் ஒரு இழையைக் கட்டிச் சாய்ந்து, தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். உரிக்கும் அந்தச் சில நிமிடத்தைத் தவறவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். உரித்த உடனே, இன்னும் ஈரமாக இருக்கும்போதே, பக்கவாட்டில் சிறகுகளின் வடிவம், உணர்கொம்பு எல்லாம் மேலே பதிந்து தெரியும். எதுவும் ‘கரைய’ நேரம் கிடைப்பதற்கு முன்பே.

பத்துப் பன்னிரண்டு நாளில் ஓடு கண்ணாடியாகி உள்ளே கருப்புச் சிறகு தெரிந்தால், மறுநாள் காலை சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். வெளியே வந்த பூச்சி சிறகை உலர்த்திக்கொண்டே கலங்கலாகச் சில துளிகளை வெளியேற்றும். இரத்தமோ என்று பயப்பட வேண்டாம். கூட்டுப்புழுவாக இருந்த நாட்களில் உடம்பில் சேர்ந்த கழிவு அது.